சொல்லிக்கொடுக்கும் நாளுக்கும் சம்பளம் கேளுங்கள்

வாசகர் கேள்வி:

எனக்கு 52 வயது. இருப்பது கொட்டாஞ்சேனையில். பத்தொன்பது வயதில் புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத்தெரு முதலாளி ஒருவரின் லொறியில் கிளீனராக ஏறினேன். ஸ்டியரிங்கைத் தொட விடவே மூன்று வருஷம் எடுத்தார்கள். அதனால்தான் தொழில் படிந்தது. இப்போது துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் இழுக்கும் கொம்பனி ஒன்றில் டிரெய்லரை இழுக்கும் பிரைம் மூவர் ஓட்டுகிறேன். ட்ரிப் கணக்குக்குத்தான் காசு. 2022க்குப் பிறகு எங்களோடு இருந்த நல்ல சாரதிகள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களுடைய இடத்துக்குப் பொடியன்களை எடுத்திருக்கிறார்கள். கையில் லைசன்ஸ் இருக்கிறது, தலையில் ஒன்றுமில்லை. காதில் எந்நேரமும் போன். போன மாதம் ஒருவன் தனியாக நிற்கும்போது டிரெய்லரைத் தாங்கும் முன்கால்களை முழுதாகத் தூக்காமலே யார்டை விட்டு எடுத்து, காலை வளைத்துவிட்டான். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, முன்பு டிமோ பட்டா என்ற சின்ன லொறி ஓட்டியவன். கேட்டால், டிரெய்லரைக் கொளுவிக்கொண்டிருக்கும்போது ஆபீஸிலிருந்து இரண்டு தடவை கோல் வந்ததாம். அவனைத்தான் இப்போது என் பக்கத்தில் ஏற்றிப் பழக்கச் சொல்கிறார் மனேஜர். பல்லேகலையிலிருந்து பாரத்தோடு கடுகண்ணாவை மலைப்பாதையில் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டேன். "அங்கிள், இது பழைய முறை, பிழை" என்று எனக்கே சொல்கிறான். அடுத்த நாள் யார்டில் எல்லோருக்கும் முன்னால் அதைச் சொல்லிச் சிரித்தான். நானும் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். இவனுக்கு நான் ஏன் தொழில் சொல்லிக்கொடுக்க வேண்டும்? சொல்லிக்கொடுத்தால் நாளைக்குக் குறைந்த காசுக்கு என் இடத்தில் அவனைப் போடுவார்கள். சொல்லாமல் விட்டு எங்காவது ஆளை அடித்தான் என்றால் என் மனம் என்னைச் சும்மா விடாது. என்ன செய்ய?

பதில்:

அன்பின் அண்ணனுக்கு,

சொல்லிக்கொடுங்கள். ஆனால் சும்மா சொல்லிக்கொடுக்காதீர்கள். பழக்கும் நாட்களுக்குத் தனியாகச் சம்பளம் வேண்டும், அவன் தனியாக ஓடத் தயாரா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் வேண்டும், இரண்டும் எழுத்தில் வேண்டும் என்று முதலில் மனேஜரிடம் கேளுங்கள். உங்கள் கோபம் முழுவதும் அந்தப் பொடியன் மேல் இருக்கிறது. கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்ததில், அதில் பெரும்பங்கு ஆபீஸுக்குப் போயிருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

கனரக வாகனச் சாரதிகளைப் பழக்குவதும், விபத்து நடந்த பிறகு ஏன் நடந்தது என்று பார்த்து எழுதிக்கொடுப்பதும் என் தொழில். பழையவர், புதியவர் சண்டை இல்லாத யார்டை நான் கண்டதில்லை. அந்தச் சண்டை முற்றிப்போன இடங்களில் எல்லாம் ஒரே விஷயம்தான் கண்ணில் படும்: பழக்குவதை அங்கே யாரும் வேலையாகக் கணக்கெடுப்பதில்லை. உங்களுக்கு ட்ரிப் கணக்கு. ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் காட்டி, இடையில் அவனிடம் ஸ்டியரிங்கையும் கொடுத்தால், மூன்று ட்ரிப் போகிற நாளில் இரண்டுதான் போகும். மூன்றாவது ட்ரிப்பின் காசை இழப்பது நீங்கள். பழகிய சாரதி ஒருவன் கிடைத்த இலாபம் கொம்பனிக்கு. இந்தக் கணக்கைச் சரிசெய்யாதவரை, நீங்கள் எவ்வளவு நல்ல மனுஷனாக இருந்தாலும் அவன் முகத்தைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வரும். அவனுக்கும் அது தெரியும்.

அந்த முன்கால் விஷயத்தையே எடுங்கள். பிரைம் மூவரைப் பின்னால் விட்டு டிரெய்லருக்கு அடியில் கொடுப்பது, டிரெய்லரின் அடியில் உள்ள இணைப்பு ஊசியான கிங் பின் விழுந்து பூட்டியதா என்று குனிந்து டோர்ச் அடித்துப் பார்ப்பது, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி சின்ன கியரில் மெதுவாக இழுத்துப் பார்ப்பது, எயார் குழாயையும் லைட் வயரையும் கொளுவுவது, முன்கால்களை முழுக்கச் சுற்றித் தூக்குவது, கைப்பிடியை மடக்கி வைப்பது, கடைசியாக ஒருதரம் சுற்றி வருவது. இதில் சில விட்டுப்போனால் அடுத்த வேலை அவற்றைக் காட்டிக்கொடுக்காது. பாதிக் காலோடு டிரெய்லர் நன்றாகவே உருளும், முதல் மேடு வரும்வரை. நடுவில் போன் வந்தால் நீங்கள் எடுக்கமாட்டீர்கள். எடுத்தாலும் பேசி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்ப்பீர்கள். முப்பது வருஷத்தில் உங்கள் உடம்பில் ஏறிய பழக்கம் அது. அவனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவன் டிரெய்லர் கொளுவுகிறான் என்று தெரிந்துகொண்டே இரண்டு தடவை கோல் எடுத்த ஆபீஸ்காரருக்கும் யாரும் சொல்லவில்லை. வளைந்த காலுக்கு அவன் மட்டும் பொறுப்பு என்று முடித்துவிட்டால், அடுத்த கால் வளைவதற்கு அதிக நாள் ஆகாது.

உங்கள் காலத்தில் மூன்று வருஷம் கிளீனராக இருந்ததால்தான் தொழில் படிந்தது என்கிறீர்கள். அதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். லொறி கழுவியதும், டயர் உருட்டியதும், பெரிய சாரதியிடம் ஏச்சு வாங்கியதும் உங்களை நல்ல சாரதி ஆக்கவில்லை. அவை மலிவான வேலையாள் வேண்டும் என்பதற்காக நடந்தவை. உங்களை ஆக்கியது அந்த இடதுபக்க சீட். அங்கே உட்கார்ந்து, ஒருவர் எந்த வளைவுக்கு எங்கே கியர் இறக்குகிறார், பிரேக்கை எப்போது தொடுகிறார், பின்னால் எடுக்கும்போது எந்தக் கண்ணாடியை நம்புகிறார் என்று நாளெல்லாம் பார்த்தீர்கள். இன்று கன்டெய்னர் வேலையில் அந்த சீட் பெரும்பாலும் காலி. உதவியாளின் சம்பளம் மிச்சம் என்று பல கொம்பனிகள் சாரதியைத் தனியாக அனுப்புகின்றன. தொழில் கற்கும் இடத்தையே எடுத்துவிட்டு, கற்றவன் ஏன் வரவில்லை என்று கேட்பது எந்த வகையில் நியாயம்? அந்தப் பொடியன் டிமோ பட்டாவிலிருந்து நேராக நாற்பது அடி டிரெய்லருக்கு வந்தான் என்றால், நடுவில் இருந்த படியை அவன் தாண்டிக் குதிக்கவில்லை. அங்கே படியே இருக்கவில்லை.

லைசன்ஸ் கையில் இருக்கிறதே என்று ஆபீஸ் சொல்லும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் எழுத்துப் பரீட்சை வைக்கிறது, ஓட்டிக் காட்டச் சொல்கிறது, தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழ் கேட்கிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் முப்பது தொன் ஏற்றிக்கொண்டு மழையில் கடுகண்ணாவை இறங்கிக் காட்டு என்று எந்தப் பரீட்சகரும் கேட்பதில்லை. துறைமுக வாசல் வரிசையில் மணிக்கணக்காகக் கிடந்து, இரவு இரண்டு மணிக்குப் பெட்டி கிடைத்து, தூக்கக் கண்ணோடு ஓடும்போது என்ன செய்வாய் என்றும் கேட்பதில்லை. லைசன்ஸ் என்பது பழகத் தொடங்குவதற்கான அனுமதி. அதைப் பழகி முடித்த சான்றாகக் கொம்பனிகள் எடுத்துக்கொள்வதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

வெளியிலும் இதே சண்டைதான். அமெரிக்காவில் 2022 பெப்ரவரி 7 முதல், கனரக லைசன்ஸுக்கு முதல் தடவை போகிறவர் பதிவுபெற்ற பயிற்சி நிலையம் ஒன்றில் படித்தே ஆகவேண்டும் என்று விதி வந்தது. ஆனால் ஸ்டியரிங்கில் இத்தனை மணித்தியாலம் இருக்க வேண்டும் என்று அந்த விதியில் ஓர் எண் கிடையாது. தேறிவிட்டானா என்று பயிற்றுநரே தீர்மானிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2003இல் வந்த விதி வேறு மாதிரி: தொடக்கத்தில் 280 மணித்தியாலப் பயிற்சி, விரைவு வழியில் போனால் 140, அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35. உங்களோடு ஓடியவர்களில் யாராவது அந்தப் பக்கம் லொறி ஓட்டப் போயிருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இங்கே எத்தனை வருஷம் ஓடியிருந்தாலும் அந்த வகுப்பில் உட்காரத்தான் வேண்டும். அங்கே மூத்த சாரதிகளும் வகுப்புக்குப் போகத்தான் செய்கிறார்கள். 

இனி கடுகண்ணாவைக்கு வருகிறேன். இதை நேராகவே சொல்ல வேண்டும் அண்ணன். நியூட்ரல் விஷயத்தில் அவன் சொன்னது சரி.

கியரில் இறங்கிக்கொண்டு எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய எஞ்சின் டீசல் பாய்ச்சுவதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க ஐட்லிங்குக்கு டீசல் போக வேண்டும். ஆக, இறக்கத்தில் நியூட்ரல் போட்டு மிச்சம் பிடிப்பதாக நினைப்பது உண்மையில் செலவு. அதைவிட மோசமானது பிரேக். கியர் இல்லாவிட்டால் எஞ்சின் லொறியைப் பிடிக்காது, எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்சோஸ்ட் பிரேக்கும் வேலை செய்யாது. முப்பது தொன்னையும் டிரம் மட்டும்தான் பிடிக்க வேண்டும். நீங்கள் அடிக்கடி மிதிப்பீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் எயார் போகும். அதே நேரம் எஞ்சின் ஐட்லிங்கில் மெதுவாகச் சுற்றுவதால் எயார் அடிக்கும் கொம்பிரெசரும் மெதுவாகத்தான் அடிக்கும். செலவு கூடுகிற நேரத்தில் வரவு குறைகிறது. டிரம் சூடேறினால் லைனிங்கின் பிடி தளரும், டிரம்மும் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். கால் முழுக்க அழுத்தியும் வண்டி நிற்காது. அந்த வேகத்தில் மறுபடி கியர் போடப் பார்த்தால் விழாது. மாவனல்லைப் பக்கம் இறங்கும் வளைவுகளில் இந்த நிலைமைக்கு ஒரு சாரதி வந்துவிட்டால், அவருடைய அனுபவம் அங்கே எதையும் காப்பாற்றாது.

இதுவரை உங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பது எனக்கு விளங்குகிறது. அது உங்கள் கையின் திறமை, லொறியின் நல்ல நிலை, அன்றைய பாரம், முன்னால் யாரும் குறுக்கே வராத அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்தது. உங்களைப் பழக்கியவரும் அப்படித்தான் பழக்கியிருப்பார், அவரைப் பழக்கியவரும் அப்படித்தான். நல்ல தொழிலோடு கெட்ட பழக்கமும் சேர்ந்தே கைமாறுகிறது. தயவுசெய்து இதை உங்களோடு நிறுத்திவிடுங்கள். அவனிடம், "நியூட்ரல் விஷயத்தில் நீ சொன்னது சரி, இனி நான் விடமாட்டேன்" என்று ஒரு வரி சொல்லுங்கள். உங்கள் மரியாதை குறையாது. அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற மற்ற எல்லாவற்றையும் அவன் கேட்பான்.

ஏனென்றால் அவனுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். இறக்கத்துக்கு எந்தக் கியர் என்று அவனைக் கேளுங்கள். வேகம் பிடித்த பிறகு கியர் இறக்கலாம் என்றுதான் நினைத்திருப்பான். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, மேட்டின் தலையிலேயே கியரைத் தீர்மானித்து, எக்சோஸ்ட் பிரேக்கைப் போட்டு, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தமாகத் தொட வேண்டும், லேசாக மிதித்தபடி நெடுந்தூரம் இழுக்கக்கூடாது என்பது உங்களுக்குக் கையில் இருக்கிறது. ஏற்றுமதிப் பெட்டி என்றால் அதன் மொத்த நிறையை உறுதிப்படுத்திய பத்திரம் இல்லாமல் 2016 ஜூலை 1 முதல் கப்பலில் ஏற்ற முடியாது. அந்தத் தாளில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் நீங்கள் இறக்கத்துக்குக் கியர் தீர்மானிப்பீர்கள் என்று நம்புகிறேன். அவன் அந்தத் தாளைத் துறைமுகப் பத்திர வேலை பார்க்கும் வார்ப் கிளாக்கின் விஷயம் என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

புதிய களனிப் பாலத்திலிருந்து வளைந்து இறங்கும் பாதைகளைப் பாருங்கள். 2021இல் திறந்த பாலம், நல்ல ரோடு, வேகமாகப் போகச் சொல்லும். காரில் வருகிறவனுக்கு அந்த வேகம் சரி. ஒன்பதரை அடி உயரப் பெட்டியை டிரெய்லர் மேல் வைத்தால் உச்சி நாலரை மீற்றரைத் தொடும். உள்ளே பாரம் மேலே ஏற்றப்பட்டிருந்தால் வண்டி வளைவில் வெளிப்பக்கமாகச் சாயப் பார்க்கும். இருபதில் எடுக்கும் வளைவை நாற்பதில் எடுத்தால் சாய்க்கும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். டிரெய்லரின் உள்சக்கரம் தூக்கியதை பிரைம் மூவரில் இருக்கும் சாரதி உணரவே மாட்டார். முன்பகுதி சாயும்போது எல்லாம் முடிந்திருக்கும். இன்னொரு பக்கம், புறக்கோட்டைச் சந்திகளில் இடது பக்கம் திரும்பும்போது டிரெய்லரின் பின்சக்கரம் எவ்வளவு உள்ளே வெட்டும் என்பது. சைக்கிள்காரர், நாட்டாமிமாரின் தள்ளுவண்டி, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிற தாய், எல்லோரும் அந்த வெட்டுக்குள்தான் நிற்கிறார்கள். நீங்கள் எழுதியிருக்கும் "ஆளை அடித்தான் என்றால்" என்ற பயம் இங்கேதான் உண்மையாகும். இதை அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள். காலி இடத்தில் அவனைக் கீழே இறக்கி நிறுத்திவிட்டு, நீங்கள் டிரெய்லரைத் திருப்பிக் காட்டுங்கள். பின்சக்கரம் எங்கே வருகிறது என்று அவன் தன் கண்ணால் தரையில் பார்க்கட்டும். ஒருதரம் பார்த்தவன் மறக்கமாட்டான்.

பிறகு, ரோட்டில் நடக்காத தொழில் ஒன்று இருக்கிறது. யார்டை விட்டுக் கிளம்பும் முன் சீல் இலக்கத்தைத் தாளோடு ஒப்பிடுவது, பெட்டியில் ஏற்கெனவே உள்ள நசிவு, ஓட்டையை வாசல் துண்டில் எழுதவைப்பது, பெட்டியை டிரெய்லரோடு பிடிக்கும் நாலு மூலை லொக்கும் பூட்டியிருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்ப்பது, எயார் டாங்கியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவது, எஞ்சினை நிறுத்திப் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் எயார் ஊசி இறங்குகிறதா என்று பார்ப்பது. சீல் மாறியிருந்தால் சுங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் சாரதி முதல் ஆள். எழுதாத நசிவுக்குக் கொம்பனி காசு கட்ட வேண்டிவந்தால் கடைசியில் சாரதியிடம்தான் கேட்பார்கள். இந்தப் பொடியன்களுக்கு இதெல்லாம் சொன்னால் நன்றியோடு கேட்பார்கள், ஏனென்றால் இது அவர்களுடைய சம்பளத்தைக் காப்பாற்றும் அறிவு.

எப்படிப் பழக்குவது? நீண்ட காலம் ஓட்டியவர்களுக்கு இதில் ஒரு கஷ்டம் உண்டு. செய்யத் தெரியும், சொல்ல வராது. "பார்த்துக்கோ" என்றுவிட்டுப் பேசாமல் ஓட்டுவார்கள். அவன் எதைப் பார்ப்பது? ஆகவே வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓட்டிப் பாருங்கள். துறைமுகத்திலிருந்து இங்குருகடைச் சந்தி வழியாக ஒருகொடவத்தை போகும் துண்டு போதும். "முன்னால் பஸ், எந்த நேரமும் நிறுத்துவான், இடைவெளி விடுகிறேன். இடது பக்கம் மோட்டார் சைக்கிள், கண்ணாடியில் காணவில்லை, இருக்கிறது என்றே நினைக்கிறேன். லைட் பச்சையாகி நேரமாயிற்று, மாறப் போகிறது, இப்போதே காலை எடுக்கிறேன்." இப்படி. முதல் நாள் கூச்சமாக இருக்கும். திரும்பி வரும்போது அவன் ஓட்டட்டும், அவனும் பேசட்டும். அவன் எதைச் சொல்லவில்லையோ அதை அவன் பார்க்கவில்லை. பொலிஸ் சாரதிகளைப் பழக்கும் முறைகளிலும் இது உண்டு. ஏச்சில்லாமல் பிழை பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பின்னால் எடுக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்துங்கள். சந்தேகம் வந்தால் இறங்கிப் பார், பின்னால் நிற்கிற லொறி எத்தனை தடவை ஹோர்ன் அடித்தாலும் இறங்கிப் பார். அதை நீங்களே அவன் முன்னால் இறங்கிக் காட்டுங்கள். மூத்தவர் இறங்கிப் பார்ப்பதைக் கண்டால், இறங்குவது கேவலம் என்ற எண்ணம் அவனுக்குப் போகும்.

வரிசை முக்கியம். வெற்றுப் பெட்டியோடு யார்டுக்கும் துறைமுகத்துக்கும் இடையில் கொஞ்ச நாள். பிறகு பாரத்தோடு கொழும்புக்குள்ளும் வத்தளை, கெரவலப்பிட்டிப் பக்கமும். பிறகு பகலில் தூர ஓட்டம், அதன் பிறகு இரவு. மலை கடைசி. எத்தனை நாள் என்று ஓர் எண்ணை நான் இங்கிருந்து சொல்லமாட்டேன், அவனுடைய கையைப் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் என்று மனேஜர் ஒரு திகதி குறித்துக் கொடுத்தால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது மனேஜரிடம் என்ன கேட்பது. உங்கள் கடந்த சில மாத ட்ரிப் வருமானத்தின் நாள் சராசரியை எடுத்து, பழக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அதற்குக் குறையாத தொகை. அவனுக்கும் அந்த நாட்களில் சம்பளம், பழகுகிறவன் தானே என்று வெறும் சாப்பாட்டுக் காசு கொடுத்து விடக்கூடாது. ஒரு சாதாரண கொப்பி: இன்று எந்த ரோட், என்ன பாரம், எதைச் செய்தான், எதை மறுபடி பார்க்க வேண்டும், இரண்டு பேரின் கையெழுத்து. நீங்கள் கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்து வைக்காதீர்கள். மலை இறங்கிக் காட்டவில்லை என்றால் "மலை: பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். நாளைக்கு ஏதாவது நடந்து கேள்வி வந்தால், யார் என்ன தெரிந்துகொண்டு அவனை அனுப்பினார்கள் என்று அந்தக் கொப்பி சொல்லும். கடைசியாக, ஓடும் வண்டிக்கும் கொளுவும் சாரதிக்கும் ஆபீஸ் கோல் எடுப்பதில்லை, நிறுத்திய பிறகு சாரதியே எடுப்பார் என்று ஒரு கட்டளை. காதில் எந்நேரமும் போன் என்று அவனைக் குறை சொல்கிறீர்கள். அந்தக் கோல்களில் எத்தனை ஆபீஸிலிருந்து வந்தவை என்றும் பார்க்க வேண்டும். எங்கே நிற்கிறாய், ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டால் புதியவன் பயத்தில் எடுக்கத்தான் செய்வான்.

இதெல்லாம் கேட்டால் மனேஜர் சிரிப்பார் என்று நினைக்கிறீர்களா? அந்த வளைந்த காலுக்கு என்ன செலவு, டிரெய்லர் எத்தனை நாள் ஓடாமல் நின்றது, அதனால் பெட்டிக்கு டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் விழுந்ததா என்று கேளுங்கள். அதைப் பழக்கும் நாட்களின் சம்பளத்தோடு ஒப்பிட அவருக்குத் தெரியும்.

வேலை போய்விடும் என்ற உங்கள் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. குறைந்த காசுக்கு ஆள் கிடைத்தால் மாற்றுகிற முதலாளிகள் இருக்கிறார்கள். ஆனால் அதை நீங்கள் சொல்லிக்கொடுக்காமல் இருந்து தடுக்க முடியாது. அப்படிப்பட்டவர் பழகாதவனையே போடுவார், போட்டுக்கொண்டும் இருக்கிறார். உங்கள் பக்கம் பலம் சேர்க்க வேறு வழி இருக்கிறது. அனுபவத்தால் கற்ற தொழிலை மதிப்பிட்டு தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. வகுப்பில் படிக்காதவரும் செய்து காட்டி எடுக்கலாம். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் போய், கனரக வாகனச் சாரதி வேலைக்கு எந்த மட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று விசாரியுங்கள். பழைய முதலாளிகளிடமிருந்து சேவைக் கடிதம் இப்போதே வாங்கி வையுங்கள், அவர்கள் இருக்கும்போதே. கனரக லைசன்ஸை நான்கு வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழோடு புதுப்பிக்க வேண்டும். இந்த வயதில் சீனி, பிரஷர், கண் மூன்றும் ஒவ்வொரு தடவையும் கேள்விக்கு வரும். முதுகும் முழங்காலும் சொல்லத் தேவையில்லை. பத்து வருஷத்துக்குப் பிறகும் இந்தத் தொழிலில் சோறு சாப்பிட வேண்டும் என்றால், ஓட்டுகிறவர் என்பதோடு பழக்குகிறவர் என்ற பெயரும் உங்களுக்கு வேண்டும். அந்தப் பெயரை எடுக்க இந்தப் பொடியன் ஒரு நல்ல தொடக்கம்.

அவன் யார்டில் எல்லோர் முன்னாலும் சிரித்தது பிழை, அதைச் சும்மா விடவும் வேண்டாம். ஆனால் யார்டில் வைத்துப் பேசாதீர்கள். லொறிக்குள் இரண்டு பேரும் மட்டும் இருக்கும்போது, எஞ்சினை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்: "பிழை கண்டால் எனக்குச் சொல், ஓடும்போதே சொல், நான் கேட்பேன். வெளியில் போய் என்னை வைத்துச் சிரிக்காதே. உன் பிழையையும் நான் வெளியில் சொல்லமாட்டேன்." இந்த ஒப்பந்தத்தை நீங்களும் காப்பாற்ற வேண்டும். முன்கால் கதையை இனி யார்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். அங்கிள் என்று கூப்பிடுவது பிடிக்கவில்லை என்றால் அண்ணன் என்று கூப்பிடு என்று சொல்லிவிடுங்கள். அதை மனதில் வைத்துக் குமைய வேண்டியதில்லை. அவனோடு டீ குடிக்கும்போது, வேலைக்கு வர எவ்வளவு கடன் பட்டான், வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறான், நேற்று எத்தனை மணித்தியாலம் தூங்கினான் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி பாசத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தூங்காத ஒருவனிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கக்கூடாது.

மனேஜர் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்று வைப்போம். அப்போது முழுப் பயிற்சிக்கும் பொறுப்பெடுக்க முடியாது என்று எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தும் இரண்டு விஷயத்தை மட்டும் காசு பாராமல் அவனுக்குக் காட்டிவிடுங்கள்: கொளுவும் முறையும், திரும்பும்போது பின்சக்கரம் வெட்டும் இடமும். இரண்டுக்கும் ஒரு பின்னேரம் போதும். ஆள் சாகக்கூடிய இடங்கள் என்பதால் இவற்றைப் பேரத்தில் வைக்க வேண்டாம். முன்காலுக்கு ஆன செலவை அவனுடைய சம்பளத்தில் வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், கையெழுத்து வைக்க முன் நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கென்று சம்பளச் சபை இருக்கிறது, எதை வெட்டலாம் எதை வெட்டக்கூடாது என்பதற்கு விதியும் இருக்கிறது. முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். உங்கள் ஊழியர் சேமலாப நிதி ட்ரிப் காசுக்கும் சேர்த்துக் கட்டப்படுகிறதா, அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தானா என்று அதே இடத்தில் உங்களுக்காகவும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்.